மாமா போட்டு வைத்த நாற்காலி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, பந்தி கூப்பிடும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், மாமாவோடு மைன்ஸில் வேலை பார்த்த நண்பர்களுக்கும் என் வணக்கம். மாமா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. முதலில் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு படியுங்கள். அவர் வீட்டு வாசலில் ஒருவர் பசியோடு உட்கார்ந்திருப்பதை மாமா ஒரு நாளும் பொறுத்ததில்லை.

அவர் என் அக்காவின் கணவர். சேத்தியாத்தோப்பில் அக்கா வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். "நீதான் ஓயாம பேசுவியே, பேசுறத அப்படியே எழுதிக் குடு" என்று அக்கா சொல்லிவிட்டாள். பேசும்போது கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். காகிதத்துக்கு முகம் கிடையாது. ஆகையால் உங்கள் எல்லோருடைய முகத்தையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாமா பிறந்தது திண்டுக்கல்லுக்கு மேற்கே, வானத்தைப் பார்த்து விதைக்கும் ஒரு சின்ன ஊரில். நடை பழகும் முன்பே தகப்பனாரை இழந்தவர். மூத்த அண்ணன் பூட்டுப் பட்டறையில் அரம் தேய்த்துச் சம்பாதித்துத் தம்பியைப் படிக்க வைத்தார். மாமாவும் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே வரை எட்டியதும், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கினார்.

முதலில் கான்ட்ராக்ட் வேலை. மந்தாரக்குப்பத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் வாசம். ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவர் எழுந்து போவார். பாய் மட்டும் எப்போதும் சூடாகவே இருக்கும் என்பார் மாமா. அப்புறம் பெர்மனென்ட் ஆகி, மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவுக்கு வந்தார். வெட்டிய மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும் ரப்பர் பட்டை அது. சித்திரை வெயிலில் அதன் ஓரமாக நடந்து பார்த்து வருவதே ஒரு வேலை. "என்ன மாமா வேலை?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது, "ரொம்ப லேசு மச்சான். ஓடுறத நிக்க விடக்கூடாது. நின்னா ஓட வைக்கணும். அம்புட்டுத்தான்." குடும்பத்திலும் அவர் பார்த்தது அந்த வேலையைத்தான். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

டவுன்ஷிப்பில் அவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது பக்கத்து வீட்டில் ராஜம் அக்கா குடியிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கணவரும் மைன்ஸில்தான். இரண்டு குழந்தைகள், பெரியவள் பெண், சின்னவன் பையன். கல்யாணம் ஆகாத மாமாவுக்கு அந்த வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ராஜம் அக்கா அவரைத் தம்பி என்பார். ஊரில் விட்டு வந்த தம்பிக்குப் பதில் என்று சொல்லிக்கொள்வார்.

ஒரு நாள் ராஜம் அக்கா மகளுக்குப் பூத்தைத்துப் பின்னியிருந்தார்கள். வாழைநாரில் மல்லிகையை வரிசையாகக் கட்டி, சடை முழுக்க வைத்துத் தைப்பதற்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆயிற்று. பின்னலைக் கண்ணாடியில் காட்டி ஒரு போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மாலை நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்து வர வேண்டிய கணவர் வரவில்லை. அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் வேலைக்கு வராததால் அவரே அடுத்த ஷிப்டும் பார்க்க வேண்டியதாயிற்று. பூவோ நாளைக்கு நிற்காது. தாயும் இரண்டு பிள்ளைகளுமாகப் போகலாம் என்றால் மூன்று பேர். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஆகாது என்பதில் ராஜம் அக்கா வெகு கறார்.

வீட்டுக்காரர் மைன்ஸிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "தம்பிய நாலாவதா நிக்கச் சொல்லு."

மாமாவும் துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் இருந்த பாய் ஸ்டூடியோவுக்குப் போய் நின்றார். சின்னவன் அழுததால் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பின்னல் அத்தனை அழகாக விழுந்ததாம். படம் எடுத்த பாய்க்குத் தன் கைவேலையில் தனக்கே மயக்கம் வந்துவிட்டது. பெரிதாகப் போட்டுக் கடையின் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் அப்பா வருகிறார்.

சேத்தியாத்தோப்பில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், நெல் விவசாயம். மைன்ஸில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மூலமாக மாமாவின் ஜாதகம் வீட்டுக்கு வந்திருந்தது. கூடவே ஒரு சின்ன போட்டோ. பொருத்தம் பார்த்தாயிற்று. அக்கா அந்தப் போட்டோவைப் பார்க்காதது போலப் பார்த்துவிட்டு மாடு கறக்கப் போனாள். அன்று பால் கறக்க வெகு நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு அது போதும், சம்மதம் என்று புரிந்துவிட்டது.

அப்பா எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். உரக்கடையில் மூட்டை வாங்கினால் கூடத் தையலைப் பிரித்துக் கைவிட்டுப் பார்ப்பார். பையனைப் பற்றி விசாரித்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பி மந்தாரக்குப்பத்தில் இறங்கினார். ஒரு டீ சொன்னார். எதிரே பாய் ஸ்டூடியோ. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் விசாரிக்க வந்த மாப்பிள்ளை, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் ஒரு குழந்தை, முன்னால் பூப்பின்னலோடு இன்னொன்று.

"இது யாருங்க?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டிருக்கிறார்.

"அவரா? மைன்ஸ்ல பெல்ட்டுல இருக்காரு. தங்கமான மனுஷன். புள்ளைங்கன்னா உசுரு" என்று அவர் டீ ஆற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அப்பா அந்த டீயைக் குடிக்கவில்லை. பஸ் ஏறினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா பெரியவரே, மொகம் ஒரு மாதிரி கீதே?" என்று கேட்டதுதான் தாமதம், சேத்தியாத்தோப்பு வரும் வரை பேசித் தீர்த்துவிட்டார். "ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். பொண்டாட்டியப் பக்கத்துல நிக்க வச்சிப் படம் புடிச்சிக் கடவாசல்ல மாட்டிக்கினு, இங்க ஜாதகம் அனுப்பிக்கிறான் பாரு." பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அப்பா வீட்டுக்கு நடந்து வருவதற்குள் செய்தி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அக்கா யாரோடும் பேசவில்லை. அவள் அதிகமாகப் பேசுவது எங்கள் மாட்டோடுதான். அந்த வாரம் மாட்டோடும் பேசவில்லை.

விஷயம் மைன்ஸ் வரை போய் மாமா காதில் விழுந்தது. அவர் சிரித்தாராம். ராஜம் அக்கா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிவிட்டார். எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவைப் பார்த்து, "பெரியவரே, என்னைய எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?" என்றார்.

அப்பாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"கண்ணாடிப் பெட்டியில பாத்த அதே ஆளுதான். இந்தா நிக்கிறாக பாருங்க, இவுகதான் எம் புருஷன். அன்னைக்கி டூட்டில மாட்டிக்கிட்டாக. அந்தத் தம்பி நாலாவதா நிக்க வந்த புள்ள. அதுக்கு ஒரு பொண்டாட்டியவும் ரெண்டு புள்ளையவும் நீங்களே கட்டி வச்சிட்டீக."

அவர் கணவர் பாவம், "வணக்கமுங்க" என்று ஒரு கும்பிடு போட்டார். அதைத் தவிர அந்த மனிதர் அன்று ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசவும் இடம் கிடைக்கவில்லை.

அம்மா அவர்களை உட்கார வைத்து இலை போட்டாள். அப்பா பந்தியில் உட்காரவில்லை. மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வயலுக்குப் போனவர் அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் திரும்பினார். அந்த வாரத்திலேயே கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார். ஆனால் தன் வாயால் ஒரு பஸ் நிறைய ஆட்களிடம் சொன்னதைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல் மனிதர் உள்ளுக்குள் ஒடுங்கிப் போனார்.

கல்யாணம் எங்கள் வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பாய்தான் படம் எடுக்க வந்தார். அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அப்பாவுக்குச் சாம்பாரில் உப்பு பார்க்க வேண்டியிருந்தது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணைப் பெற்றவர் படம் ஒன்றுகூட இல்லாத வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் நெய்வேலிக்கு வருவார், அக்காவின் வீட்டுக்கு வர மாட்டார். அரிசி மூட்டை, முருங்கைக்காய், முறுக்கு எல்லாம் வரும். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டு வந்து, மாமாவுக்குத் தெரிந்த லாட்டரி டிக்கெட் கடையில் இறக்கிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார். "பெத்த பொண்ணு வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டால், "எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது?" என்பார். கோபம் இல்லை, வெட்கம்தான். கோபமாக இருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

அக்காவுக்கு அது பெரிய குறை. குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் அப்பா வருவார், ஒரு வாரம் தங்குவார், பேப்பர் படிப்பார், பேரனைப் பார்க்குக்குக் கூட்டிப் போவார். அவள் அப்பா பஸ் ஸ்டாண்டோடு திரும்புவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் அந்த வாசற்படி ஏறி வர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். மாமாவிடம் கேட்டாள் என்று கூடச் சொல்ல முடியாது. முறுக்கு டின்னைத் திறக்கும்போது மூக்கை உறிஞ்சுவாள். மாமா அதைக் கேட்டுவிட்டார்.

அவர் மாமனாரைப் போய்க் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை. அப்பா "வர்றேன் மாப்ளே, அறுப்பு முடியட்டும்" என்பார். எங்கள் நிலத்தில் அறுப்பு வருஷம் பூராவும் நடந்தது.

மாமாவுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஆயுத பூஜையன்று மைன்ஸுக்குள் குடும்பத்தைக் கூட்டிப் போவார்கள். மறுநாள் விஜயதசமிக் காலையில் பாய் சைக்கிளில் கேமராவோடு குவார்ட்டர்ஸுக்கு வருவார். வாசலில் நாற்காலி போட்டுக் குடும்பப் படம். வருஷா வருஷம் அதே வாசல், அதே ஆட்கள். எது வளர்ந்திருக்கிறது, எது நரைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும் என்பார் மாமா. முதல் வருஷம் அவரும் அக்காவும் மட்டும். அடுத்த வருஷம் மூத்தவள் பிறந்துவிட்டாள், மூன்று பேர். மூன்று ஆகாதே. ராஜம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "தம்பி, ஆளக் கூட்டு, ஆளக் கூட்டு" என்று குரல் கொடுத்தார். நாலாவதாக நிற்கச் சேத்தியாத்தோப்பிலிருந்து நான் வரவழைக்கப்பட்டேன். அப்புறம் பையன் பிறந்து கணக்குச் சரியான பிறகும், "மச்சான் இல்லாம ஃபிரேம் ஒரு பக்கம் சாயுது" என்று மாமா என்னை விடவில்லை. அந்தப் படங்களில் என் மீசை வருவதும் தொப்பை வருவதும் வரிசையாகத் தெரியும்.

முதல் வருஷத்திலிருந்தே மாமா நடுவில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார். "இது யாருக்கு?" என்று பாய் கேட்டால், "எங்க மாமனாருக்கு. சேத்தியாத்தோப்பு பஸ்ஸு வரட்டும்" என்பார். பஸ் வரும் நேரம் பார்த்து எல்லோரும் சட்டை கசங்காமல் நிற்போம். பஸ் வரும், அப்பா வர மாட்டார். "வெயில் ஏறுது, மொகத்துல நெழல் விழுந்துரும்" என்று பாய் முனகுவார். அப்போது நாற்காலியை எடுத்துவிட்டோ, மூத்தவள் நிற்கப் பழகிய பிறகு அவளை அதில் ஏற்றி நிறுத்தியோ படத்தை எடுத்துவிடுவோம். இப்படியே வருஷங்கள் போயின. பாய் ஆள் ஒரு தினுசு. எடுக்கும் முன் எப்போதும், "சிரிக்கிறவங்க சிரிங்க, முடியாதவங்க வாய மூடிக்கிங்க" என்பார். அதைக் கேட்டே எல்லோரும் சிரித்துவிடுவோம்.

ஒரு வருஷம் மூத்தவள் பள்ளிக்கூடம் போகும் பெரிய மனுஷியாகிவிட்டதால் நாற்காலியில் ஏற மறுத்தாள். சின்னவனை ஏற்றினோம். பாய் விரலை அழுத்தும் நேரத்தில் அவன் ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்துக் குதித்து ஓடிவிட்டான். பாயிடம் அன்றைக்கு அதுதான் கடைசி ஃபிலிம். படத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். நடுவில் நாற்காலி காலியாக இருக்கிறது.

யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வழக்கம் போல ஒரு பிரதி என் கையில் ஊருக்குப் போயிற்று. அம்மா அக்கம்பக்கத்தில் காட்டினாள். எதிர்வீட்டு அத்தை படத்தை வாங்கிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தி, "ஏன்டி, ஒம் வூட்டுக்காரரு நல்லாத்தான கீறாரு?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். குடும்பப் படத்தில் நடுவே காலி நாற்காலி என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

"இந்த நாக்காலி யாருதுடா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்னுதுதாம்பா" என்றேன்.

"நான் இன்னும் சாவல. சொல்லு ஒங்க மாமங்கிட்ட." சட்டையை மாட்டினார். "வேணாம், நானே சொல்றேன்."

நானும் பின்னாலேயே ஓடிப் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் படத்தைக் கையில் பிடித்தபடியே வந்தார். அப்பா பஸ்ஸில் வாய் திறக்காமல் போனது அன்றைக்குத்தான். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கடையைத் தாண்டி நடந்தபோது கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

மாமா முதல் ஷிப்ட் முடிந்து வந்து, கரித்தூசி போகக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் மாமனாரைப் பார்த்ததும் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார்.

"இன்னா மாப்ளே இது? உசுரோட இருக்கறவனுக்குக் காலி நாக்காலி போட்டுப் படம் புடிச்சி அனுப்பிகினு. ஊரே கேக்குது."

"அது ஒங்களுக்குப் போட்ட நாற்காலிதான் மாமா. அதுல சின்னவன் நின்னான். குதிச்சிட்டான்."

"குதிச்சானோ பறந்தானோ. இதக் கிழிச்சிப் போட்டுட்டு வேற படம் எடு. நான் உக்காந்த மாதிரி எடு. அதான் நான் வந்தது."

"எடுத்துடுவோம். மச்சான், பாயக் கூட்டிட்டு வா. இருக்குற வேலையப் போட்டுட்டு வரச் சொல்லு."

நான் மாமாவின் சைக்கிளை எடுத்தேன். ஆனால் உடனே போகவில்லை. போக மனம் வரவில்லை. அக்கா உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பா படிக்குக் கீழே நின்றார். நடுவில் இரண்டு படிகள்.

"உள்ள வாப்பா" என்றாள்.

"படம் எடுக்கத்தான் வந்தேன். வெளியவே நிக்கிறேன்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இத்தன வருஷம் ஆச்சு. இன்னும் என்ன மாமா?" என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒன்னப் பத்தி ஒரு பஸ்ஸு நெறைய ஆளுங்ககிட்ட பேசனவன் நானு. ஒரு வார்த்தையா ரெண்டு வார்த்தையா. நாக்கு எப்படித்தான் பேசிச்சோ. அவ்ளோ பேருக்கும் தெரியும்."

மாமா சொன்ன பதிலை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் அச்சில் வரட்டும். அவர் சத்தம் போடாமல் சொன்னார்:

"அந்த பஸ்ஸுல இருந்தவங்க எல்லாரும் அன்னைக்கே எறங்கி அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க மாமா. நீங்கதான் இன்னும் எறங்காம உக்காந்திருக்கீங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜம் அக்கா துணி உலர்த்துவது போல நின்றிருந்தார். காய்ந்த துணியைத்தான் உதறிக்கொண்டிருந்தார். அப்பா அக்காவின் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். முதல் படி ஏறினார், இரண்டாவது படி ஏறினார், சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில்தான் போயிற்று. அக்கா அதைத் துடைக்கிற சாக்கில் அழுதுகொண்டாள்.

"தம்பி, பெரியவருக்குச் சோறு போடட்டுமா, இல்ல இன்னும் பஸ்ஸுலதான் இருக்காரா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எறங்கிட்டாரு. போடுங்க அக்கா" என்றார் மாமா.

அதற்கப்புறம்தான் நான் பாயைக் கூப்பிடப் போனேன். பாய் ஒரு கல்யாணப் படத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர், விஷயத்தைச் சொன்னதும் ஈரக் கையோடு கிளம்பிவிட்டார். "அந்தப் பூப்பின்னல் படத்த நான் அன்னைக்கே பெட்டியில இருந்து எடுத்திருக்கணும் தம்பி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் ஒரு மனிதருடைய மனதில் இருந்திருக்கிறது பாருங்கள்.

நாற்காலி வாசலுக்கு வந்தது. அப்பா அதில் உட்கார்ந்தார். முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, உயிரோடு இருப்பதை ஊருக்குக் காட்டும் முகத்தோடு. எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு பிரதி தனியாகப் போட வேண்டும் என்று பாயிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எண்பதுகளில் எடுத்த விஜயதசமிப் படங்கள் எல்லாவற்றிலும் அப்பா இருக்கிறார். இரண்டு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிடுவார். யார் எங்கே நிற்பது என்று அவர்தான் சொல்வார். "நீ ஒசரம், பின்னால போ. பொண்ணே, தலைய வாரிகினு வா." ஃபிலிமில் கூடச் சேத்தியாத்தோப்பு நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது போலவே ஒரு படத்தில் வாய் திறந்திருக்கும். பாய்க்கு அவர் பாதி முதலாளி. ஷிப்ட் மாறி மாறி வந்தாலும் மாமா அந்தக் காலையில் மட்டும் எப்படியாவது வீட்டில் இருப்பார். மாமனாரும் மருமகனும் பார்க்கு வரை நடந்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேப்பரைப் பிரித்துப் படித்தபடி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா அந்தப் பக்கமாக வேலை இல்லாமலேயே நாலு தடவை போய் வருவாள்.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது டவுன்ஷிப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று மாமா கூட்டி வந்துவிட்டார். பெண் வீட்டில் போய்ப் படுப்பதா என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். "நான் பொண்ணு வூட்டுக்குப் போவல. மாப்ள வூட்டுக்குப் போறேன்" என்று அப்பா பதில் சொன்னார். கடைசி மாதங்கள் அந்தக் குவார்ட்டர்ஸில்தான். மாமா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, அவர் காலைப் பிடித்துவிடுவார். பெற்ற பிள்ளை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் பிடிக்க விட மாட்டார் அப்பா. "ஒங் கை முரடு" என்பார். நாள் முழுக்க ரப்பரும் இரும்பும் பிடித்த மாமாவின் கை அவருக்குப் பூப்போல இருந்திருக்கிறது. அவர் மூச்சு அந்த வீட்டில்தான் நின்றது. நடு அறையில், பேரப் பிள்ளைகள் சுற்றி நிற்க, அக்கா கையால் பால் குடித்துவிட்டுப் போனார்.

மாமா ரிட்டயர் ஆகி மந்தாரக்குப்பத்தில் சொந்த வீடு கட்டியதும், மகளுக்கும் மகனுக்கும் நல்லபடியாகக் கல்யாணம் முடித்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. கடைசி வரை யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். தெருவில் இரண்டு வீட்டுக்கிடையே மனத்தாங்கல் என்றால் மாமாதான் நடுவில் போய் நிற்பார். எந்தக் கட்சியையும் பேச மாட்டார். இரண்டு பக்கமும் டீ குடித்துவிட்டு வருவார், அடுத்த வாரம் அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பெல்ட் பிரிவு நண்பர்கள் ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை, வாசலில் சபை கூடிக்கொண்டேதான் இருந்தது. போன வருஷம் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தார். நாலு நாள்தான். மூன்றாவது நாள் நான் பார்க்கப் போனபோது, "மச்சான், சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப மொதல்ல அதப் பாரு" என்றார். என்னோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் போய்ச் சாப்பிட்டேன்.

மாமாவின் இறுதி நாட்களில் இரவு பகல் பார்க்காமல் கூட இருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், செய்தி கேட்டதும் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டு வந்த அவருடைய அண்ணன் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பெல்ட் பிரிவு நண்பர்களுக்கும், பந்தலிலிருந்து பால் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மந்தாரக்குப்பம் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. வயதாகியும் மதுரையிலிருந்து வந்து, அக்காவின் பக்கத்தில் பதினாறு நாளும் உட்கார்ந்திருந்த ராஜம் அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவார். எழுதவில்லை.

பாய் இப்போது இல்லை. அவருடைய மகன் பழைய ஃபிலிம்களையெல்லாம் தேடி எடுத்து இந்த மலருக்காகக் கொடுத்தார். அவருக்கும் நன்றி. அட்டைப் படத்தைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். நேராகப் பார்க்கிற நல்ல படங்கள் எத்தனையோ இருக்க, முகம் ஒரு பக்கமாகத் திரும்பிய படத்தைப் போய் ஏன் போட்டீர்கள் என்று. அது அப்பா முதன்முதலாக வந்து உட்கார்ந்த அன்று எடுத்தது. எல்லோரும் கேமராவைப் பார்த்திருக்கிறோம். மாமா மட்டும் தலையைத் திருப்பி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பாய் அப்போதே, படம் கெட்டுவிட்டது, இன்னொன்று எடுக்கலாம் என்றார். அக்காதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.